கேட் மென்பொருளில் முப்பரிமாண மாடலிங்: அடிப்படையில் இருந்து ஒரு முழு வழிகாட்டி

கேட் (CAD), அதாவது கணினி வழி வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து ஒரு பெட்டியை உருவாக்குவது பெரிய காரியமே இல்லை. அந்தப் பெட்டியில் நான்கு துளைகள் போட்டு, ஓரங்களை வளைத்து, மேலே ஒரு மூடியும் வைத்த பிறகு, "நீளம் 80 இல்லை, 95 வேண்டும்" என்று யாராவது சொன்னால் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிலருடைய மாடலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் துளை, வளைவு, மூடி எல்லாம் தாமாக நகர்ந்து புது இடத்தில் உட்காரும். வேறு சிலருடையதில் பாதி ஃபீச்சர்கள் (துளை, வளைவு என்று மாடலில் செய்த ஒவ்வொரு வேலையும் ஒரு ஃபீச்சர்) சிவப்பாகிப் பிழை காட்டும். அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டியதுதான். மாற்றுவதற்கு முன் திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

இந்த வழிகாட்டி முதல் வகை மாடலை உருவாக்கப் பழகுவதைப் பற்றியது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், பதிப்புக்குப் பதிப்பும் மாறும். பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் யோசனை மாறாது. ஆகவே அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

எந்த மென்பொருளில் தொடங்குவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிளெண்டர் போன்றவையும் முப்பரிமாண மாடலிங் மென்பொருள்கள்தான். ஆனால் அவை மெஷ் வகை. அங்கே ஒரு உருளை என்பது சின்னச் சின்னத் தட்டையான முகங்களை ஒட்டி வைத்த ஒரு ஓடு. கேட் மென்பொருளில் உருளை என்பது அச்சும் ஆரமும் உள்ள கணித வடிவம். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது வட்டமாகவே இருக்கும். கதாபாத்திரம், மரம், விளம்பரப் படம் வேண்டுமென்றால் மெஷ் பக்கம் போகலாம். ஒரு பாகத்தைச் செய்து இன்னொரு பாகத்தோடு பொருத்த வேண்டுமென்றால் கேட்தான்.

கேட் மென்பொருள்களுக்குள் இன்று பெரும்பான்மை பாராமெட்ரிக் வகையைச் சேர்ந்தவை. நீங்கள் செய்யும் ஒவ்வொரு செயலும், அதன் அளவுகளோடு, வரிசையாக ஒரு பட்டியலில் பதிவாகும். அதை ஃபீச்சர் ட்ரீ என்பார்கள். 1988-இல் வந்த ப்ரோ-என்ஜினியர் இந்த முறையைத் தொழில்துறைக்குள் கொண்டுவந்தது; 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கியது. இன்றைய இன்வென்டர், ஃப்யூஷன், ஆன்ஷேப், ஃப்ரீகேட் எல்லாமே அதே வழியில் வந்தவை. ஒன்றில் நன்றாகப் பழகியவர் இன்னொன்றுக்கு மாற அதிகம் சிரமப்பட மாட்டார்.

செலவில்லாமல் தொடங்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஃப்ரீகேட் திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. பழைய பதிப்பைப் பயன்படுத்தி வெறுத்துப் போனவர்கள் அதை மறுபடி திறந்து பார்க்கலாம். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடுவதால் நிறுவ எதுவும் இல்லை. இலவசக் கணக்கில் நீங்கள் செய்வதெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும், அவ்வளவுதான். ஃப்யூஷனுக்கும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இலவச உரிமம் உண்டு, சில கட்டுப்பாடுகளோடு. நிரல் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓப்பன்எஸ்கேட் பிடித்துப்போகலாம். அதில் வடிவத்தை வரைவதில்லை, எழுதுகிறோம்.

நான் சொல்வது, ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே சில மாதங்கள் இருங்கள். எது சிறந்தது என்று ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் ஒரு பிராக்கெட்டைக்கூட முடிப்பதில்லை.

கணினி விஷயத்தில் ஒரே ஒரு பிடிவாதம் வேண்டும். நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம். மடிக்கணினியின் டச்பேடில் கேட் கற்கலாம் என்று நினைத்தால் மாடலைத் திருப்புவதிலேயே பொழுது போய்விடும். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு ஆரம்பத்தில் தேவையில்லை. கேட் கணக்குகளில் பெரும்பகுதி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்பதால், ப்ராசஸரில் கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம்.

திரையோடு பழகுவது

புதுக் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை அலகைச் சரிபார்ப்பது. மில்லிமீட்டரில் வையுங்கள். அங்குலத்தில் வரைந்த கோப்பை மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் பாகம் 25.4 மடங்கு சுருங்கி வரும்.

அடுத்து, நடுவில் ஒரு மூலப்புள்ளியும் அதன் வழியாகப் போகும் மூன்று தளங்களும் தெரியும்: முன், மேல், பக்கம். இந்த மூன்று தளங்களும் எப்போதும் இருக்கும், நீங்கள் எதை அழித்தாலும் அவை போகாது. பின்னால் இதன் மதிப்பு தெரியும்.

திருப்புவது, நகர்த்துவது, பெரிதாக்குவது மூன்றும் யோசிக்காமல் கைக்கு வரும்வரை ஏதாவது ஒரு மாதிரிக் கோப்பைத் திறந்து உருட்டிக்கொண்டிருங்கள். இதில் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

ஸ்கெட்ச்: வேலையில் பாதி இங்கேதான்

பெரும்பாலான முப்பரிமாண வடிவங்கள் ஒரு தட்டையான ஸ்கெட்சில் இருந்து பிறக்கின்றன. ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் கோடுகளும் வட்டங்களும் போட்டு, பிறகு அதை இழுத்தோ சுழற்றியோ திடப்பொருளாக்குகிறோம். மாடல் பின்னால் உடைகிறதென்றால் பெரும்பாலும் நோய் ஸ்கெட்சில்தான் இருக்கும்.

ஸ்கெட்சில் கோடு போடும்போது அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சுமாராக வடிவம் வந்தால் போதும். அப்புறம்தான் கட்டுப்பாடுகள் வருகின்றன. இவை இரண்டு வகை. இந்தக் கோடு கிடைமட்டம், இந்த இரண்டும் சமநீளம், இந்த வட்டம் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கிறது என்று சொல்பவை வடிவக் கட்டுப்பாடுகள். 60 மி.மீ., 45 பாகை என்று எண் கொடுப்பவை அளவுக் கட்டுப்பாடுகள். இந்த யோசனை புதிதல்ல. ஐவன் சதர்லேண்ட் 1963-இல் எம்.ஐ.டி.யில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலிலேயே கோடுகளை இணையாக்கு, சமமாக்கு என்று கணினிக்குச் சொல்ல முடிந்தது.

வடிவக் கட்டுப்பாடுகளை முதலில் போடுங்கள், எண்களைக் கடைசியில் கொடுங்கள். மாற்றிச் செய்தால் எண் கொடுத்தவுடன் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று மடங்கி, வடிவமே தலைகீழாகத் திரும்பிவிடலாம்.

இப்போது ஒரு கணக்கு. இது புரிந்துவிட்டால் ஸ்கெட்ச் பற்றிய பயம் பெருமளவு போய்விடும். தளத்தில் ஒரு புள்ளி இரண்டு திசைகளில் நகரலாம். ஆக அதற்கு 2 சுதந்திரங்கள். ஒரு வட்டத்துக்கு மையம் நகர 2, ஆரம் மாற 1, மொத்தம் 3. நாம் போடும் ஒவ்வொரு கட்டுப்பாடும் இதில் ஒன்றையோ இரண்டையோ பறிக்கும். எல்லாம் பறிபோய் பூஜ்யம் ஆனால் ஸ்கெட்ச் முழுமையாகக் கட்டப்பட்டது என்று பொருள். ஃப்ரீகேடில் அப்போது கோடுகள் பச்சையாகும். சாலிட்வொர்க்ஸ், ஆன்ஷேப், ஃப்யூஷனில் நீலம் மாறிக் கறுப்பாகும்.

எல் வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆறு மூலைகள், அதாவது 12 சுதந்திரங்கள். ஆறு பக்கங்களையும் கிடைமட்டம் அல்லது செங்குத்து என்று சொன்னால் 6 போய்விடும். வெளிமூலையை மூலப்புள்ளியில் வைத்தால் இன்னும் 2. மீதி 4. உயரம், நீளம், தடிமன் என்று மூன்று எண்கள் கொடுத்தால் 1 மிஞ்சும். அது என்ன? இன்னொரு காலின் தடிமன். அங்கேயும் ஒரு எண் கொடுக்கலாம். ஆனால் இரண்டு கால்களும் ஒரே தகட்டில் வளைத்ததாக இருக்க வேண்டும் என்றால், எண் கொடுக்காமல் இரண்டு முனைப் பக்கங்களையும் சமம் என்று சொல்வதுதான் சரி. நாளைக்குத் தடிமனை ஒரு இடத்தில் மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். இரண்டு வழியிலும் இன்று வரும் வடிவம் ஒன்றுதான். உங்கள் மனதில் என்ன இருந்தது என்பது இரண்டாவது வழியில் மட்டுமே மாடலுக்குத் தெரிகிறது.

இன்னும் எது கட்டப்படாமல் இருக்கிறது என்று தெரியவில்லையா? ஒரு மூலையை மவுஸால் பிடித்து இழுங்கள். நகர்வதுதான் விடுபட்டது. தேவைக்கு மேல் கட்டினால் மென்பொருள் முரண்பாடு என்று கத்தும். அப்போது கடைசியாகப் போட்டதை நீக்கிவிட்டு, அது ஏற்கெனவே வேறு வழியில் சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

முதல் பாகம்: ஒரு எல் பிராக்கெட்

சரி, செய்து பார்ப்போம். சுவரில் ஒரு பலகையைத் தாங்கும் பிராக்கெட். சுவரோடு ஒட்டும் கால் 60 உயரம், பலகையைத் தாங்கும் கால் 40 நீளம், தடிமன் 5, அகலம் 50. எல்லாம் மில்லிமீட்டரில். ஒவ்வொரு காலிலும் எம்5 திருகுக்கு இரண்டு துளைகள்.

முன் தளத்தில் புது ஸ்கெட்ச் திறந்து, மேலே சொன்னபடி எல் வடிவத்தைப் போடுங்கள். வெளிமூலை மூலப்புள்ளியில், சுவர்க்கால் செங்குத்து அச்சின் மேல், பலகைக்கால் கிடைமட்ட அச்சின் மேல் இருக்கட்டும். ஸ்கெட்ச் பச்சையோ கறுப்போ ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

பிறகு அதை 50 மி.மீ. இழுங்கள். ஃப்ரீகேடில் இது பேட், மற்றவற்றில் எக்ஸ்ட்ரூட். இழுக்கும்போது ஒரு பக்கமாக 50 என்று விடாமல், தளத்துக்கு இரண்டு பக்கமும் சமமாக என்ற தேர்வைப் போடுங்கள். இப்போது முன் தளம் பிராக்கெட்டின் நட்டநடுவில் இருக்கிறது. துளைகளை நடுவில் இருந்து சமதூரத்தில் வைக்க இது உதவும்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். எல் வடிவத்தின் பரப்பு: 60-ஐ 5-ஆல் பெருக்கினால் 300, 40-ஐ 5-ஆல் பெருக்கினால் 200, மூலையில் இரண்டுமுறை எண்ணிய 25-ஐக் கழித்தால் 475 சதுர மி.மீ. அதை 50-ஆல் பெருக்கினால் 23,750 கன மி.மீ. மென்பொருளின் அளவிடும் கருவியும் இதையே காட்ட வேண்டும். எஃகின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 7.85 கிராம்; ஆகவே பிராக்கெட் ஏறக்குறைய 186 கிராம். அலுமினியம் என்றால் 64. எடையை ஒரு தடவை மனக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம், அலகுப் பிழைகளையும் தவறான தடிமனையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து சுவர்க்காலின் துளைகள். புதியவர்கள் எல்லோரும் மாடலின் முகத்தைச் சொடுக்கி அதன் மேல் ஸ்கெட்ச் போடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் இங்கே அது தேவையே இல்லை. சுவரைத் தொடும் முகம் பக்கத் தளத்தின் மேல்தான் இருக்கிறது. ஆகவே ஸ்கெட்சைப் பக்கத் தளத்தில் போடுங்கள். இரண்டு வட்டங்கள். அவை சமம் என்று சொல்லுங்கள், மையங்கள் செங்குத்து அச்சுக்கு இரண்டு பக்கமும் சமச்சீர் என்று சொல்லுங்கள். மையங்களுக்கு இடையே 30, விட்டம் 5.5, பிராக்கெட்டின் அடியில் இருந்து உயரம் 45. இரண்டு வட்டங்களின் ஆறு சுதந்திரங்களும் தீர்ந்தன.

விட்டம் ஏன் 5.5? எம்5 திருகின் வெளிவிட்டம் 5. துளையும் 5 என்றால் திருகு நுழையாது. சர்வதேசத் தரத்தில் நடுத்தரப் பொருத்தத்துக்கு எம்5-க்கு 5.5, எம்4-க்கு 4.5, எம்6-க்கு 6.6 என்று வகுத்திருக்கிறார்கள். ஹோல் கட்டளையில் திருகின் அளவைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே இதைப் போட்டுக்கொள்ளும்.

அந்த 45-ஐக் கவனியுங்கள். உண்மையில் நமக்கு வேண்டியது என்ன? மேல் விளிம்பில் இருந்து 15 மி.மீ. கீழே துளை இருக்க வேண்டும் என்பதுதான். அப்படியானால் 45 என்று எழுதாமல், உயரம் கழித்தல் 15 என்று சூத்திரமாக எழுதுங்கள். எல்லாப் பாராமெட்ரிக் மென்பொருள்களும் அளவுப் பெட்டியில் சூத்திரம் ஏற்கும். ஃப்ரீகேடில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்து உயரம், தடிமன், அகலம் என்று பெயர் கொடுத்துவிட்டால் இன்னும் வசதி.

துளையை வெட்டும்போது ஆழம் 5 என்று கொடுக்காதீர்கள். முழுவதும் ஊடுருவு என்ற தேர்வைப் போடுங்கள். தடிமன் 8 ஆனால் 5 மி.மீ. ஆழத் துளை பாதியில் நின்றுவிடும்; ஊடுருவும் துளைக்கு அந்தக் கவலை இல்லை.

பலகைக்காலுக்கும் இதேதான், மேல் தளத்தில். முனையில் இருந்து 15 உள்ளே, இடைவெளி 30.

கடைசியாக வளைவுகள். உள்மூலைக்கு 5 மி.மீ. ஃபில்லட். வெளிமூலைக்கு? பலர் அங்கேயும் 5 போடுவார்கள். அப்போது வளைவில் மட்டும் தகடு தடித்துப்போகும். தடிமன் சீராக இருக்க வேண்டுமானால் வெளிவளைவு = உள்வளைவு + தடிமன், அதாவது 10. இதையும் சூத்திரமாகவே எழுதுங்கள்.

ஃபில்லட்டை எப்போதும் கடைசியில் வையுங்கள். வளைத்தவுடன் பழைய விளிம்பு காணாமல் போய்ப் புது விளிம்புகள் பிறக்கும். அதற்குப் பிறகு செய்யும் வேலைகள் அந்தப் புது விளிம்புகளைப் பிடித்துக்கொண்டால், ஃபில்லட்டில் கை வைக்கும்போதெல்லாம் அவை சேர்ந்து விழும்.

இப்போது வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள்

பிராக்கெட் முடிந்துவிட்டது என்று கோப்பை மூடாதீர்கள். என்னைக் கேட்டால் பாதிப் பாடம் இனிமேல்தான்.

தடிமனை 8 ஆக்குங்கள். இரண்டு கால்களும் தடிக்க வேண்டும், துளைகள் ஊடுருவியே இருக்க வேண்டும், வெளிவளைவு 13 ஆக வேண்டும். உயரத்தை 90 ஆக்குங்கள். துளைகள் மேலேறி 75-இல் நிற்க வேண்டும். எங்காவது சிவப்பு வந்தால் அழித்துவிட்டு மீண்டும் வரையாமல், அது ஏன் வந்தது என்று தேடிப்பிடியுங்கள். ஃபீச்சர் ட்ரீயில் முதலில் சிவப்பாக இருக்கும் ஃபீச்சரில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

இன்னொன்று: அகலத்தை 35 ஆக்குங்கள். சிவப்பு எதுவும் வராது. மாடல் சமர்த்தாக மாறும். ஆனால் உற்றுப் பாருங்கள். துளை இடைவெளி 30 என்றால் மையத்தில் இருந்து ஓரத்துக்கு 2.5 மி.மீ.தான் மிச்சம், துளையின் ஆரமே 2.75. துளை ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மென்பொருளுக்கு இதில் ஒரு புகாரும் இல்லை. வடிவம் சரியா என்றுதான் அது பார்க்கும். பாகம் உதவுமா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஓரத்தில் இருந்து 10 மி.மீ. என்று அளவு கொடுத்திருக்கலாமே? கொடுக்கலாம். அப்போது அகலம் குறைந்தாலும் துளை பத்திரமாக இருக்கும், ஆனால் இடைவெளி 30-இல் இருந்து 15 ஆகிவிடும். சுவரில் ஏற்கெனவே 30 மி.மீ. இடைவெளியில் துளைகள் இருந்தால் பிராக்கெட் பொருந்தாது. எந்த அளவு அசையக் கூடாதது, எது அசையலாம் என்று முடிவெடுத்து அதற்கேற்ப அளவு கொடுப்பதைத்தான் வடிவமைப்பு நோக்கம் என்கிறார்கள். அதை எந்தப் பொத்தானும் செய்து தராது.

முகத்தின் மேல் ஸ்கெட்ச் போடாமல் அடிப்படைத் தளத்தில் போட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. மென்பொருள் உள்ளுக்குள் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் தானாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள ஒரு ஃபீச்சரை மாற்றினால் அந்த அடையாளங்கள் இடம் மாறி, உங்கள் துளை வேறு முகத்துக்குத் தாவிவிடலாம். ஃப்ரீகேடின் பழைய பதிப்புகளில் இது பெரிய தலைவலி, 1.0-இல் வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். எந்த மென்பொருளானாலும், அசையாத தளங்களைப் பிடித்துக்கொண்டால் அடித்தளம் ஆடாது.

மற்ற கட்டளைகள், சுருக்கமாக

நாற்பது ஐம்பது கட்டளைகள் இருந்தாலும் தினசரி வேலைக்குக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான் வேண்டும்.

தண்டு, புல்லி, பாட்டில் போன்ற சுற்று வடிவங்களுக்கு ரிவால்வ். பாதிக் குறுக்குவெட்டை மட்டும் வரைந்து அச்சைச் சுற்றிச் சுழற்றினால் முடிந்தது. கடைசல் இயந்திரத்தில் செய்யும் பெரும்பாலானவற்றை இதில் செய்யலாம். ஒரு வழித்தடத்தில் ஓடும் குழாய், கைப்பிடி போன்றவற்றுக்கு ஸ்வீப். தடத்தின் வளைவு குழாயின் ஆரத்தைவிடச் சின்னதாக இருந்தால் தோற்றுப்போகும். சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடியும் வடிவங்களுக்கு லாஃப்ட். இதை ஆரம்பத்தில் தவிர்ப்பதே நல்லது. பார்க்க மாயம்போல இருக்கும், கட்டுப்படுத்துவது கடினம். ஒரு திடப்பெட்டியை உள்ளே குடைந்து ஒரே தடிமனுள்ள கூடாக்க ஷெல். ஃப்ரீகேடில் அதன் பெயர் திக்னெஸ்.

பேட்டர்ன், மிரர் இரண்டையும் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள். வட்டமாக ஆறு துளைகள் வேண்டுமென்றால் ஆறு வட்டம் வரையாமல், ஒரு துளை போட்டு அதைச் சுற்றிலும் ஆறாகப் பெருக்குங்கள். எட்டு வேண்டுமென்றால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். அதேபோல எல்லாவற்றையும் ஒரே ஸ்கெட்சில் திணிக்காதீர்கள். ஒரு ஸ்கெட்ச் ஒரு வேலை செய்தால் போதும். ஃபீச்சர்களுக்குப் பெயரும் வைத்துவிடுங்கள். ஸ்கெட்ச்014 எது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

கையில் இருக்கும் பொருளை அளந்து வரைதல்

வீடியோவைப் பார்த்து அப்படியே செய்யும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தனியாக உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. இந்த இடைவெளியைத் தாண்ட எனக்குத் தெரிந்து ஒரே வழிதான்: கைக்கு எட்டும் சாதாரணப் பொருளை எடுத்து, அளந்து, மாடலாக்குவது. சார்ஜர் உறை, கதவுக் கொண்டி, பேனா மூடி, மின்சுவிட்ச் பெட்டி, கீல். முதலில் நேர்கோடுகள் அதிகமுள்ள பொருள். வளைந்து நெளிந்தவை பிறகு.

இதற்கு ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள், டிஜிட்டல் என்றால் வசதி. அளக்கும்போது இரண்டு துளைகளின் மைய இடைவெளிதான் எல்லோரையும் திணறடிக்கும், ஏனென்றால் மையத்தில் தொட்டு அளக்க அங்கே ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே அளவு துளைகள் என்றால் ஒரு தந்திரம் உண்டு. உள்தாடைகளால் ஒரு துளையின் விட்டத்தை அளந்து, அந்த நிலையிலேயே காலிப்பரைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் அதே தாடைகளால் இரண்டு துளைகளின் தூர ஓரங்களை அளந்தால், திரையில் வருவது நேரடியாக மைய இடைவெளி.

அளந்ததை அப்படியே போட்டுவிடவும் கூடாது. 24.93 என்று வந்தால் வடிவமைத்தவர் 25 என்றுதான் நினைத்திருப்பார். 12.68 என்றால் 12.7, அதாவது அரை அங்குலம். வடிவமைத்தவருடைய தலைக்குள் புகுந்து பார்க்கும் இந்தப் பயிற்சி வேறு எதிலும் கிடைக்காது.

பாகங்களைச் சேர்ப்பது

தனித்தனிப் பாகங்கள் வந்துவிட்டால் அசெம்பிளிக்குப் போகலாம். முப்பரிமாணத்தில் ஒரு பாகத்துக்கு ஆறு சுதந்திரங்கள்: மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி. முதல் பாகத்தை அசையாதபடி நிலைநிறுத்திவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதோடு இணைக்க வேண்டும்.

கீலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருளைகளின் அச்சும் ஒன்று என்று சொன்னால், அச்சின் நெடுக வழுக்குவது, அச்சைச் சுற்றுவது என்ற இரண்டு மட்டும் மிஞ்சும். பக்க முகங்கள் ஒட்டும் என்று சொன்னால் வழுக்கலும் நின்றுவிடும். சுழற்சி ஒன்று மிச்சம். கீலுக்கு வேண்டியதும் அதுதான். ஸ்கெட்சைப் போல இங்கே எல்லாவற்றையும் பூஜ்யமாக்கக் கூடாது. அசைய வேண்டியது அசையட்டும்.

சேர்த்த பிறகு உரசல் சோதனையைக் கட்டாயம் ஓட்டுங்கள். இரண்டு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் அது காட்டிவிடும். திரையில் திடப்பொருள்கள் ஒன்றையொன்று தடுப்பதில்லை, பட்டறையில் தடுக்கும். அதேபோல 10 மி.மீ. துளைக்குள் 10 மி.மீ. ஊசி திரையில் அழகாகப் பொருந்தும், நிஜத்தில் அடித்துத்தான் ஏற்ற வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் இழை 3டி பிரிண்டரில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் விட்டத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். ஒரு சின்னச் சோதனைத் துண்டை எடுத்துப் பார்த்து உங்கள் இயந்திரத்துக்கு ஏற்பச் சரிசெய்யலாம்.

வரைபடமும் கோப்பு வகைகளும்

மாடல் இருக்கும்போது தட்டை வரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எந்த அளவு முக்கியம், எவ்வளவு பிசகலாம், எந்தத் துளையில் மரை போட வேண்டும் என்பதையெல்லாம் பட்டறைக்காரர் வரைபடத்தில்தான் பார்ப்பார். மாடலில் இருந்து முன், மேல், பக்கத் தோற்றங்களை மென்பொருளே எடுத்துக் கொடுக்கும். எந்த முறையில் என்பதை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் கோண முறையில் மேல் தோற்றம் முன் தோற்றத்துக்குக் கீழே வரும். மூன்றாம் கோண முறையில் மேலே வரும். இதைக் குறிக்க வரைபட மூலையில் வெட்டிய கூம்பின் சின்னம் ஒன்று போடுவார்கள். அது விடுபட்டால் பாகம் கண்ணாடிப் பிம்பமாகச் செய்யப்பட்டு வரக்கூடும். ஒரே அளவை இரண்டு இடங்களில் எழுதாதீர்கள்.

கோப்பை வேறொருவருக்கு அனுப்ப ஸ்டெப் வகை நல்லது. அதில் உருளை உருளையாகவே போகும், பெரும்பாலான கேட் மென்பொருள்கள் திறக்கும். ஃபீச்சர் ட்ரீ மட்டும் போகாது. 3டி பிரிண்டருக்கு எஸ்டிஎல் அல்லது 3எம்எஃப். எஸ்டிஎல் 1987-இல் உருவான பழைய வடிவம். அதில் முக்கோணங்கள் மட்டுமே உண்டு, அலகுகூடக் கிடையாது. 20 மி.மீ. வட்டத்தை 16 பக்கங்களாக ஏற்றுமதி செய்தால் தட்டைப் பக்கத்தின் நடுவில் 0.19 மி.மீ. குறையும், 64 பக்கங்கள் என்றால் 0.012 மட்டுமே. ஆகவே ஏற்றுமதி செய்யும்போது நுணுக்க அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் எஸ்டிஎல் கோப்பை இறக்கி அளவு மாற்ற முயல்பவர்கள் ஏன் தவிக்கிறார்கள் என்பதும் இதில் புரியும். மாற்ற அங்கே அளவே இல்லை, முக்கோணங்கள்தான் இருக்கின்றன.

மூலக் கோப்பை எப்போதும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். எஸ்டிஎல் மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தால் மறுபடி முதலில் இருந்துதான்.

இதற்குப் பிறகு

பிராக்கெட், ஒரு மூடியுள்ள பெட்டி, ஒரு புல்லி, ஒரு கீல் ஆகிய நான்கையும் வீடியோ பார்க்காமல், எந்த எண்ணை மாற்றினாலும் உடையாதபடி செய்ய வந்துவிட்டால் அடிப்படை கைவசம் ஆகிவிட்டது. அடுத்த பாதை உங்கள் தேவையைப் பொறுத்தது. தகட்டு வேலை செய்பவர்கள் ஷீட் மெட்டல் பகுதியைக் கற்கலாம். நம் எல் பிராக்கெட்டை அங்கே ஒரு தகடாகத் தொடங்கி வளைத்தால், விரித்த வடிவமும் கூடவே கிடைக்கும், லேசர் வெட்டுக்கு அதுதான் போகும். கார், ஹெல்மெட், மிக்சி போன்றவற்றின் வெளித்தோற்றம் பிடிக்கிறதென்றால் சர்ஃபேஸ் மாடலிங். பொறுமை நிறைய வேண்டும். பாகம் எடையைத் தாங்குமா என்று பார்க்க ஃபைனைட் எலிமென்ட் ஆய்வு இருக்கிறது. அதன் வண்ணப் படங்கள் மயக்கும். ஆனால் எங்கே பிடித்திருக்கிறோம், எங்கே எடை விழுகிறது என்பதைத் தவறாகக் கொடுத்தால் அதே அழகோடு தவறான விடையையும் காட்டும், ஆகவே கொஞ்சம் இயந்திரவியல் படித்துவிட்டுப் போங்கள்.

வேலைக்காகக் கற்பவர்கள், போக நினைக்கும் துறையில் எந்த மென்பொருள் புழங்குகிறது என்று வேலை விளம்பரங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அதற்கு மாறலாம். விண்ணப்பத்தோடு பளபளப்பான ரெண்டர் படங்களை மட்டும் அனுப்ப வேண்டாம். மூலக் கோப்பு ஒன்றையும், சரியாக அளவிட்ட வரைபடம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் ஃபீச்சர் ட்ரீயைத்தான் திறந்து பார்ப்பார்.